புதுத் தொட்டியில பழுப்புப் பாசி: கழுவுறதை முதல்ல நிறுத்துங்க

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். சுருக்கிச் சொன்னா அவர் கேள்வி இதுதான்:

"ரெண்டடித் தொட்டி வாங்கி 25 நாளாச்சுங்கண்ணா. ஆறு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் மீன். அடியில வீடு கட்டினதுல மிச்சமிருந்த எம் சாண்ட். ஊத்தினது போர் தண்ணி. பத்து நாள்லயே கண்ணாடி, பொம்மை, மண்ணு எல்லாத்து மேலயும் பழுப்பாப் புழுதி படிய ஆரம்பிச்சுது. வாராவாரம் மீனை வாளியில புடிச்சு விட்டுட்டு, முழுசாக் கழுவி, புதுத் தண்ணி ஊத்துறேன். மூணே நாள்ல திரும்ப வந்துருது. கடைக்காரர் ஒரு நீல மருந்து குடுத்தார். லைட்டை ராத்திரி வரைக்கும் போட்டு வைங்கன்னும் சொன்னார். இப்ப ரெண்டு மீன் செத்துப்போச்சு. இந்தப் பாசியாலதான் சாகுதுங்களா?"

வெசனப்படாதீங்க தம்பி. பாசியால சாகலை. நீங்க கழுவுற கழுவலாலதான் சாகுது. இப்படிச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. கோயமுத்தூர்ல முதல் தொட்டி வெச்சப்ப நானும் இதையேதான் ரெண்டு மாசம் பண்ணேன். ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு வாசல்ல தொட்டியைக் கவுத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சு, பில்டர் ஸ்பாஞ்சை சிறுவாணிக் குழாய்க்கு அடியில புடிச்சு வெள்ளை வெளேர்னு பிழிஞ்சு வைப்பேன். பார்க்க அவ்வளவு சுத்தமா இருக்கும். புதன்கிழமை பழுப்பு, வியாழக்கிழமை ஒரு மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், வெள்ளிக்கிழமை குப்பைத்தொட்டி. இப்படி பதினோரு மீன்.

அந்தப் பழுப்பு என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. தெரிஞ்சா பாதி பயம் போயிரும். அதுக்குப் பேர் டயாட்டம். ஒரே ஒரு செல்லால ஆன உயிர். கடல்ல ஆள் உயரத்துக்கு வளருற பழுப்புப் பாசிக்கும் இதுக்கும் நிறத்துல ஒத்துமை உண்டு. ரெண்டுலயும் ஃபுயூகோசாந்தின்னு ஒரே நிறமி இருக்கு, அதனால அந்தப் பழுப்பு. டயாட்டத்தோட விசேஷம் அதோட ஓடு. சோப்பு டப்பாவும் மூடியும் மாதிரி ரெண்டு பாதி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேர்ந்து உக்காந்திருக்கும். அந்த ஓடு சிலிக்காவால ஆனது. அதாவது கண்ணாடி எதுல செய்றாங்களோ அதே சரக்கு. என் அண்ணன் மகள் காலேஜ் லேப்புக்கு ஒருதரம் தொட்டிச் சுவத்துல சுரண்டினதை ஒரு சின்ன பாட்டில்ல எடுத்துக் குடுத்தனுப்பினேன். மைக்ராஸ்கோப்புல பார்த்ததை போன்ல வீடியோ எடுத்துட்டு வந்தா. தேன் நிறத்துல நூறு பரிசல்... இல்ல, பரிசல் வட்டமா இருக்கும், இது ரெண்டு முனையும் கூம்பின ஓடம். துடுப்பு ஒண்ணும் இல்லாம, அதுபாட்டுக்கு வழுக்கி வழுக்கிப் போகுது, முட்டுது, பின்னால வருது. அதைப் பார்த்த நாள்ல இருந்து எனக்கு அது மேல கோவமே வர்றதில்லை.

நீங்களும் அதை ஏற்கெனவே மிதிச்சிருப்பீங்க. கொடிவேரி அணையில குளிக்கப் போனா பாறை மேல பழுப்பா வழவழன்னு ஒண்ணு காலை வாரிவிடுமே, அதுல பெரும்பங்கு இந்த டயாட்டம்தான். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினப்ப, நைட்ரோகிளிசரின்ங்கிற வெடி திரவத்தை உறிஞ்சி வைக்கப் பயன்படுத்தின மண்ணு, கோடிக்கணக்கான டயாட்டம் ஓடுக சேர்ந்து படிஞ்ச மண்ணுதான். கிணத்துல மிதக்கிற உடம்பு மூழ்கிச் செத்ததா, செத்த பின்னாடி போட்டதான்னு சந்தேகம் வந்தா, எலும்பு மஜ்ஜையில டயாட்டம் இருக்கான்னு தேடிப் பார்க்கிற சோதனை ஒண்ணும் உண்டு. சரி, தொட்டிக்கு வருவோம்.

ஓடு கட்ட சிலிக்கா வேணும். அது தண்ணியில கரைஞ்சு வருது. மத்த செடியும் பச்சைப் பாசியும் இன்னும் குடியேறலை, அதனால போட்டிக்கு ஆளில்லை. மீன் கழிவுல இருந்து உரமும் கிடைக்குது. புதுசா வீடு கட்டினதும் முதல்ல வந்து கூடு கட்டுற குருவி மாதிரி, புதுத் தொட்டிக்கு முதல்ல வர்றது இதுதான். தொட்டி வெச்ச ரெண்டாவது வாரத்துல இருந்து எப்ப வேணா வரலாம். தண்ணியில இருக்கிற சிலிக்காவைத் தின்னு தீர்த்து, மத்த உயிருக வந்து இடத்தைப் புடிச்சதும் அதுவே அடங்கிரும். நான் வெச்ச தொட்டிகள்ல பெரும்பாலும் ரெண்டு மாசத்துக்குள்ள போயிருச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நீங்க வாராவாரம் முழுத் தண்ணியையும் கொட்டிட்டுப் புதுசா ஊத்துறீங்க. அதாவது அது சாப்பிட்டு முடிக்கப் போற நேரத்துல மறுபடியும் இலை போட்டு, முதல்ல இருந்து பந்தி பரிமாறுறீங்க. மூணு நாள்ல திரும்ப வராம என்ன பண்ணும்?

மீன் சாகுறது வேற கணக்கு. மீன் விடுற கழிவு அம்மோனியா ஆகும். அது விஷம். அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்துற பாக்டீரியா ஒண்ணு, நைட்ரைட்டை அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா இன்னொண்ணு. ரெண்டும் பில்டர் ஸ்பாஞ்சுலயும் மண்ணுலயும் கண்ணாடியிலயும் ஒட்டி வளரணும். அதுக்கு நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தோசைக்கல்லு எடுத்த எடுப்புல தோசை எழும்பாதில்லீங்களா, எண்ணெய் தேய்ச்சு, வெங்காயம் தேய்ச்சு, நாலு தோசை பிய்ஞ்சு போய்த்தான் பழகும். தொட்டியும் பழகணும். நீங்க ஒவ்வொரு வாரமும் கல்லைச் சபீனா போட்டு விளக்கி வைக்கிறீங்க.

அதுலயும் போர் தண்ணியில ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. அதோட பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு, பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும். அம்மோனியாவுல எவ்வளவு பங்கு விஷமா நிக்குதுங்கிறது பிஎச்சைப் பொறுத்தது. 7-ல இருந்து 8-க்குப் போனா அந்த விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகுது. சித்திரை வெயில்ல தண்ணி சூடானா இன்னும் ஏறும். உங்க தொட்டி 24க்கு 12க்கு 12 அங்குலம்னு வெச்சுக்கிட்டா, விளிம்பு வரைக்கும் ஊத்தினாலே 56 லிட்டர்தான். மண்ணு, பொம்மை போக 50-க்குள்ளதான் நிக்கும். அதுல ஆறு கோல்டு ஃபிஷ். கோல்டு ஃபிஷ் சாப்பிடுறதைவிடக் கழியுறதுதான் அதிகமோன்னு எனக்குத் தோணும். அப்ப என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இனி என்ன செய்யறது. தொட்டியைக் கவுக்கிற வேலையை இன்னையோட விட்டுருங்க. அதுக்குப் பதிலா வாரம் ஒருநாள் அரை மணி நேரம் ஒதுக்குங்க. காலாவதியான ஏடிஎம் கார்டு ஒண்ணு எடுத்துக்கங்க. அதுக்கு மேல வசதியான ஆயுதம் எந்தக் கடையிலயும் இல்லை. லைட்டை அணைச்சு, பில்டரையும் நிறுத்திட்டு, கண்ணாடியோட உள்பக்கத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பா இழுங்க. டயாட்டமா இருந்தா பழுப்பு வெண்ணெய் மாதிரி சுருண்டு வரும், புகை மாதிரி தண்ணியில கலையும். மண்ணு விளிம்புகிட்ட வரும்போது பார்த்து இழுங்க. கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரே ஒரு எம் சாண்ட் பொடி மாட்டினாலும் ஆயுசுக்கும் கீறல் நிக்கும். என் தொட்டியில நிக்குது. பொம்மையை வெளிய எடுத்து, தொட்டித் தண்ணியையே ஒரு மக்குல மோந்து, பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. சோப்பு, விம் எதுவும் கூடாது.

அப்புறம் கால் மணி நேரம் விடுங்க. கலைஞ்சது அடியில வந்து படியும். இப்ப ஒரு டியூபை வாயில வெச்சு உறிஞ்சாம, டியூபைத் தண்ணியில முக்கி நிரப்பி, ஒரு முனையை விரலால அடைச்சு, கீழ இருக்கிற வாளியில விடுங்க. தொட்டிக்குள்ள இருக்கிற மறுமுனையை மண்ணு மேல அப்படியே மேயவிட்டு, அந்தப் பழுப்பை உறிஞ்சி எடுங்க. உங்க தொட்டிக்கு ஒரு வாளி, 12 லிட்டர், கால் பங்கு. அவ்வளவுதான் தண்ணி மாத்துறது. டயாட்டத்தைத் துடைச்சுத் தொட்டிக்குள்ளயே விட்டா, அது செத்து ஓடு மெல்ல மெல்லக் கரைஞ்சு அந்த சிலிக்கா திரும்பத் தண்ணிக்கே வரும். வெளிய எடுத்துட்டா சிலிக்காவும் வெளிய போயிருது. துடைக்கிறதைவிட உறிஞ்சி எடுக்கிறதுதான் முக்கியமான வேலைன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அந்தத் தண்ணியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துங்க, அது கொழிக்கும்.

பில்டர் ஸ்பாஞ்சை மூணு வாரத்துக்கு ஒருதரம், அதுவும் வெளிய எடுத்த தொட்டித் தண்ணியில ரெண்டு பிழி. குழாய்த் தண்ணியில கூடாது. குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுரும். நான் சிறுவாணிக் குழாய்ல பிழிஞ்சு பதினோரு மீனைத் தோத்தது இதனாலதான். உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணின்னு எங்க ஊர்ல மார் தட்டுவோம், யார் ருசி பார்த்து நம்பர் போட்டாங்களோ தெரியலை. ஆனா அந்த ருசியான தண்ணியிலயும் குளோரின் உண்டு.

தண்ணி விஷயத்துக்குக் கொஞ்சம் விரிவா வர்றேன், ஏன்னா நம்ம பக்கத்துல இந்தப் பாசி போனாலும் திரும்பத் திரும்ப வர்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாரும் மண்ணைத்தான் திட்டுவாங்க, மண்ணு சிலிக்கான்னு. ஆனா மணல்ல சிலிக்கா இருக்கிற குவார்ட்ஸ் கல்லு சாதாரணத் தண்ணியில கரையறது ரொம்ப ரொம்பக் கம்மி. எம் சாண்ட்ல உங்களுக்குத் தொந்தரவு, அதுல இருக்கிற கல்லு மாவுப் பொடியும், மண்ணைக் கிளறுற கோல்டு ஃபிஷ் வாயைக் கீறுற கூர் முனையும்தான். இப்ப அதை மாத்தப் போய் தொட்டியைக் கலைக்காதீங்க. தொட்டி பழகின பின்னாடி, வாரம் கொஞ்சமா எடுத்துட்டு உருண்டைக் கூழாங்கல்லு போட்டுக்கலாம்.

மண்ணைவிட உங்க போர் தண்ணிதான் சிலிக்காவை அதிகமாக் கொண்டுவருது. கொங்கு நாட்டுக்கு அடியில முழுக்கக் கடும்பாறை. எண்ணூறு அடி, ஆயிரம் அடின்னு போர் போட்டு எடுக்கிற தண்ணி, அந்தப் பாறை இடுக்குல வருசக்கணக்கா ஊறின தண்ணி. உப்போட சேர்ந்து சிலிக்காவும் கரைஞ்சிருக்கும். இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க: தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு பார்க்கிற டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து, "என் தண்ணி 300தான், நல்ல தண்ணி" அப்படிம்பாங்க. அந்த மீட்டர் தண்ணியில மின்சாரம் எவ்வளவு ஓடுதுன்னு பார்த்துத்தான் நம்பர் காட்டுது. கரைஞ்ச சிலிக்காவுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால அது மீட்டர் கண்ணுக்கே தெரியாது. அபார்ட்மெண்ட்ல கடினத் தண்ணியை மாத்த வெச்சிருக்கிற சாப்ட்னரும் கால்சியம், மெக்னீசியத்தைத்தான் புடிக்கும், சிலிக்காவை விட்டுரும்.

ஆர்ஓ மிஷின் சிலிக்காவைப் பெரும்பாலும் நிறுத்திரும். ஆனா நம்மாளுக சிக்கனம் இருக்கே! நல்ல தண்ணியைக் குடிச்சுட்டு, பக்கத்து டியூப்ல வர்ற வேஸ்ட் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு மீன் தொட்டிக்கு ஊத்துற வீடு எனக்கே நாலஞ்சு தெரியும். மிஷின் வடிகட்டித் தள்ளின அத்தனை சிலிக்காவும் அதுலதான் சேர்ந்திருக்கு. பாசிக்கு விருந்து வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அதைப் பாத்ரூம் கழுவ வெச்சுக்கங்க.

அதுக்காக வெறும் ஆர்ஓ தண்ணியை நிரப்பவும் கூடாது. அதுல உப்புச் சத்தே இருக்காது, பிஎச் நிலையா நிக்காது, கோல்டு ஃபிஷ் கொஞ்சம் கடினத் தண்ணியை விரும்புற மீன். உங்க வீட்டுக்கு நாலு நாளைக்கோ வாரத்துக்கோ ஒருதரம் ஆத்துத் தண்ணி வருதில்லீங்களா, உப்புத் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல இருக்கிற நல்ல தண்ணிக் குழாய், அதைப் புடிச்சு டிரம்முல வாயைத் திறந்து ஒரு முழு நாள் வைங்க, இல்லை ஆன்டி குளோரின் சொட்டு விடுங்க. வாராவாரம் மாத்துற ஒரு வாளியில, முதல் வாரம் கால் பங்கு நல்ல தண்ணி முக்கால் போர், அடுத்த வாரம் பாதிக்குப் பாதி, அதுக்கடுத்து முக்கால் நல்ல தண்ணின்னு ஏத்துங்க. ஒரே நாள்ல மாத்தினா மீன் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில மொட்டை மாடித் தண்ணி கிடைச்சா ரெண்டு டிரம் புடிச்சு வைங்க, முதல் மழையை விட்டுட்டு. மழைத் தண்ணியில சிலிக்கா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நம்ம ஊரு மழை மறைவுப் பிரதேசம், அதிகமா ஆசைப்பட முடியாது.

உங்க தண்ணிதான் காரணமான்னு பார்க்க, காசில்லாத ஒரு வழி. ரெண்டு ஊறுகாய் பாட்டிலை நல்லாக் கழுவிக்கங்க. ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல ஆர்ஓ தண்ணி. தொட்டியில சுரண்டின பழுப்பை ரெண்டுலயும் ஒரே அளவு, கூடவே ஒரு ஸ்பூன் தொட்டித் தண்ணி. ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்துல ரெண்டு வாரம் வைங்க. நான் வெச்சப்ப போர் பாட்டில் டீ டிகாஷன் மாதிரி ஆச்சு; மத்தது லேசான கறையோட நின்னுருச்சு.

லைட் பத்தி உங்க கடைக்காரர் சொன்னது ஒரு பழைய நம்பிக்கை. வெளிச்சம் கம்மியானா பழுப்பு வரும், கூட்டினா போகும்னு. டயாட்டம் மங்கின வெளிச்சத்துலயும் பொழைக்கும்ங்கிறது நிசம். அதுக்காக ராத்திரி வரைக்கும் எரிச்சா, பழுப்புக்குப் பதிலா பச்சை வந்து உக்காரும். ஏழு மணி நேரம் போதும். மூடி போட்டு இருட்டாக்கி வைக்கிற வைத்தியமும் இதுக்கு அவ்வளவா எடுபடாது.

நீல மருந்தை நிறுத்துங்க. பாசி மருந்துகள்ல பலதுல செம்பு இருக்கும். இல்லாட்டி வேற ஏதாவது கொல்லி. நத்தைக்கும் இறாலுக்கும் அது எமன். தவிர, பாசி மொத்தமா செத்து அழுகினா அதுவே அம்மோனியா ஆகும். கல்லுப்பு போடுறதும் இதுக்கு உதவாது.

தீனி: இந்த மாசம் முழுக்க நாளைக்கு ஒரு வேளை, ரெண்டு நிமிசத்துல தின்னு தீர்க்கிற அளவு. மீன் வாயைத் திறந்து பார்த்துட்டுத்தான் இருக்கும். அது எப்பவுமே அப்படித்தான் பார்க்கும்.

செடி வெச்சா பாசிக்குப் போட்டி வரும். ஆனா கோல்டு ஃபிஷ் கீரைக்கட்டு மாதிரி மென்னுரும். ஹார்ன்வோர்ட் மாதிரி வேகமா வளருற மிதவைச் செடி ரெண்டு கொத்து போட்டுப் பாருங்க, தின்னது போக மிச்சம் நிக்கும்.

ஒரு விஷயம் பார்த்துக்கங்க. கார்டு வெச்சு இழுத்தா வராம, கருப்பாத் தாடி மயிர் மாதிரி செடி ஓரத்துல ஒட்டிக்கிட்டா அது வேற பாசி. நீலப்பச்சையாப் போர்வை மாதிரி உரிஞ்சு வந்து சேத்து நாத்தம் அடிச்சா அது சயனோபாக்டீரியா. ரெண்டுக்கும் இந்த வைத்தியம் பத்தாது. உங்க விவரத்தைப் பார்த்தா உங்களுது டயாட்டம்தான்.

பாசி தின்ன உயிர் விடலாமான்னு அடுத்துக் கேப்பீங்க. சென்னைக் கொளத்தூர்ல இருந்து வர்ற மீன் சரக்குல சில நேரம் ஓட்டோசின்க்ளஸ்னு சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கெளுத்தி வகை வரும். டயாட்டம்னா அதுக்கு உசிரு. ஆனா பழகாத தொட்டியில அது பொழைக்காது. மூணு மாசம் ஆகட்டும். அதைவிட உங்க கடினத் தண்ணிக்கு நெரைட் நத்தை பொருத்தம். தொட்டி பழகினதும் ரெண்டு விட்டா கண்ணாடியை ராத்திரியோட ராத்திரியா நக்கி வெச்சிரும். அங்கங்க வெள்ளையா எள்ளு மாதிரி முட்டை ஒட்டும், பார்க்கக் கொஞ்சம் அசிங்கம். நல்ல தண்ணியில அதோட குஞ்சு வளராது, அதனால பெருகிருமோங்கிற பயம் இல்லை.

அஞ்சாறு வாரம் கழிச்சு பழுப்பு குறைஞ்சு, கண்ணாடியில லேசாப் பச்சைப் பொடி தெரிய ஆரம்பிச்சா உடனே எனக்கு எழுதி அழாதீங்க. அது தொட்டி பழகிட்டு வர்ற அடையாளம். மூணு மாசம் தாண்டியும் பழுப்பே நின்னா, தண்ணிக் கலவையில நல்ல தண்ணியைக் கூட்டுங்க. அதுக்கும் அடங்கலைன்னா பில்டர்ல போடுற, இரும்பு ஆக்சைடு குருணையால ஆன பாஸ்பேட் உறிஞ்சி ஒண்ணு கிடைக்கும். அது சிலிக்காவையும் ஓரளவு புடிக்கும். விலை அதிகம், அதனால கடைசியாத்தான் சொல்றேன்.

இனி அந்த சக்கர். பாசி திங்கும்னு சொல்லி வித்திருப்பாங்க. குட்டியில கொஞ்சம் திங்கும். வளர வளர மத்த மீனுக்குப் போடுற தீனியைத்தான் திங்கும். திங்கிறதுக்கு ஈடாக் கழியும், உங்க அம்மோனியாக் கணக்குல அதுக்கும் பங்கு இருக்கு. ஒரு அடிக்கு மேல வளருற மீன் அது, ரெண்டடித் தொட்டியில திரும்பக்கூட முடியாது. வாங்கின கடையிலயே திருப்பிக் குடுங்க, காசு தரலைன்னாலும் பரவாயில்லை. பாவம்னு நொய்யல்லயோ ஆண்டிபாளையம் குளத்துலயோ மட்டும் விட்டுராதீங்க. அது நம்ம நாட்டு மீனே இல்லை. தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. எந்தத் தண்ணியிலயும் தாக்குப்புடிச்சுப் பெருகும், கரையில பொந்து தோண்டி முட்டை வைக்கும், முதுகுல இருக்கிற முள்ளு வலையைக் கிழிக்கும். மிச்சமிருக்கிற நாலு கோல்டு ஃபிஷ்ல ரெண்டை, பெரிய தொட்டி வெச்சிருக்கிற யாருக்காவது குடுத்துருங்க. கடைசி வரைக்கும் ரெண்டு நின்னாப் போதும், அந்த அளவுத் தொட்டிக்கு அதுவே கொஞ்சம் நெருக்கம்தான்.